இடது காலின் படிப்பு

திருவொற்றியூர் காலடிப்பேட்டைப் பக்கம் ஒரு மாடி வீட்டில் நான் பார்த்த கார் பந்தய சிமுலேட்டரின் பிரேக் பெடலுக்குள் இருப்பது எடைமேடைச் சரக்கு. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளை நிறுத்தி எடை போடுகிறார்களே, அந்த மேடைக்கு அடியில் லோடு செல் இருக்கும். பாரம் ஏறினால் அதன் உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு நெளியும். அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பியின் மின்தடை மாறும். அந்த மாற்றம்தான் கிலோவாகத் திரையில் வருகிறது. அதே வகையில் சின்னது ஒன்று, 100 கிலோ வரை தாங்குவது, இங்கே பெடலுக்குப் பின்னால் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. கொண்டுவந்து கொடுத்தவர் எடைமேடை சர்வீஸ் செய்யும் பக்கத்துத் தெரு அண்ணன்.

வீட்டுக்காரத் தம்பிக்கு இருபத்தாறு வயது. எண்ணூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சி.என்.சி. ஆபரேட்டர். செகண்ட் ஷிஃப்ட் முடித்துக் குளித்துச் சாப்பிட்டு உட்காரும்போது மணி பதினொன்றரை. ஐரோப்பாக்காரர்கள் வேலை முடித்து ஆன்லைனில் கூடும் நேரமும் அதுதான். ஷிஃப்ட் வேலையின் கெட்ட நேரம் இதற்கு மட்டும் நல்ல நேரமாகப் போய்விட்டது.

"எல்லாரும் முதல்ல வீலைத்தான் சார் பாக்கறாங்க. நானும் அப்டித்தான்" என்றார். அவரிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய லாஜிடெக் ஜி29. பல் சக்கரங்கள் வழியாக மோட்டார் ஸ்டீயரிங்கை இழுத்துக் கையில் எதிர்ப்பைக் காட்டும். அதைவிட உசத்தியான டைரக்ட் டிரைவ் வகையில் மோட்டாரின் தண்டிலேயே ஸ்டீயரிங் மாட்டியிருக்கும், விலையும் அப்படியே ஏறும். ஆனால் அவருடைய சுற்று நேரம் குறைந்தது வீலால் அல்ல, பெடலால். வீலோடு கூடவே வந்த பெடலில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். பெடல் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை மட்டுமே அது அளக்கும். எண்ணூர்க் கடல் காற்றும் சாம்பல் தூசியும் உள்ளே போனால் அதுவும் தாறுமாறாகத் துள்ளும், பிரேக்கைத் தொடாமலே கார் பிரேக் பிடிக்கும். பந்தயக் காரில் பெடல் அதிக தூரம் நகராது, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதுதான் கணக்கு. காலும் தூரத்தைவிட அழுத்தத்தைத்தான் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்கிறது.

லோடு செல் தரும் மில்லிவோல்ட்டை எண்ணாக மாற்ற ஹெச்.எக்ஸ்.711 என்ற சிப் வைத்த சிறு போர்டு உண்டு, அர்டுயினோ வழியாகக் கம்ப்யூட்டரில் சேர்ப்பார்கள். முதலில் எல்லாம் சரியாக ஓடியதாம், ஆனால் பிரேக் ஏதோ படிக்கட்டு மாதிரி விட்டு விட்டு ஏறியதாம். விஷயம் இதுதான்: அந்த போர்டு வரும்போது நொடிக்கு 10 தடவைதான் அளக்கும். எடை பார்க்க அது தாராளம். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காருக்கு அளவீட்டுக்கு அளவீடு கிட்டத்தட்ட 2.8 மீட்டர் போய்விடும். சிப்பின் ஒரு காலை எடுத்து வேறு இடத்தில் சால்டர் செய்தால் நொடிக்கு 80 ஆகும், இடைவெளி 35 சென்டிமீட்டராகச் சுருங்கும். சால்டர் வைத்தவர் எடைமேடை அண்ணன். "நம்ம லைன்ல லாரி நின்னாத்தான் கணக்கு, ஓடுற வண்டிக்கு யாரு பாத்தா?" என்று சிரித்தார்.

இனி இதையெல்லாம் தாங்கும் இரும்புச் சட்டம். மாலையில் வெல்டிங் பட்டறைக்கே கூட்டிப்போனார்கள். ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, தண்ணீர் டேங்க் ஸ்டாண்ட் என்று போய்க்கொண்டிருந்த பட்டறை. 40க்கு 40 ஸ்கொயர் பைப்பை மூலைமட்டம் வைத்து டாக் அடித்து, கோணம் பார்த்து, பிறகே முழு வெல்டிங். பெடல் உட்காரும் இடத்துக்கு மட்டும் 6 மில்லிமீட்டர் பிளேட். காரணத்தை வெல்டர் தன் காலாலேயே காட்டினார். மெல்லிய தகட்டை மிதித்தார், அது உள்வாங்கியது. தடித்த பிளேட்டை மிதித்தார், அசையவில்லை. நாற்பது கிலோ அழுத்தத்தில் பிளேட் வளைந்தால் லோடு செல்லுக்கு வருவது ஒன்று, கால் கொடுத்தது வேறொன்று. ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடிக்காமல் வெளியே விடுவதில்லை, இந்த ஊர் உப்புக் காற்றில் இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது. பிளாஸ்டிக் நாற்காலியில் தொடங்கி, மிதித்த வேகத்தில் தானே பின்னால் நகர்ந்து, நாற்காலியை மேசைக் காலோடு கயிறு போட்டுக் கட்டியவர்கள்தான் கடைசியில் இவரிடம் வருகிறார்கள்.

உருவம் தயார். ஓட்டுவது எப்படி? தம்பியின் பாடத்திட்டம் கடுமையானது. ஒரே கார், ஒரே டிராக், வாரக்கணக்கில். கார் என்றால் ஃபெராரி இல்லை, மாஸ்டா எம்.எக்ஸ்-5. சக்தி குறைந்த சின்ன வண்டி, தப்பை மறைக்காது. முதல் வேலை திரையில் தெரியும் கோணத்தைச் சரிசெய்வது. 27 அங்குல மானிட்டர் சுமார் 60 சென்டிமீட்டர் அகலம், கண்ணுக்கும் அதே 60 சென்டிமீட்டரில் வைத்தால் பார்வைக் கோணம் 53 டிகிரிதான் வரவேண்டும். அதைவிட அகலமாக வைத்தால் ஜோராக வேகம் தெரியும், வளைவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது மட்டும் பிடிபடாது. சரியான கோணத்தில் எல்லாம் மந்தமாகத் தெரியும். புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் அந்த மந்தத்தைப் பொறுக்காமல் பழையபடி மாற்றிவிடுகிறார்களாம்.

அடுத்தது இடது கால். ரோட்டில் கார் ஓட்டுபவரின் இடது காலுக்குத் தெரிந்ததெல்லாம் கிளட்ச், முழுக்க மிதித்து விடும் முரட்டு வேலை. சிமுலேட்டரில் அந்தக் காலுக்குத்தான் பிரேக். நானும் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தேன். திரையில் கோடு சுவர் மாதிரி நேராக எழும்பி நேராக விழுந்தது. தம்பியின் கோடு அப்படியில்லை. எழும்புவது செங்குத்து, இறங்குவது நீண்ட சரிவு, சரிவின் பாதியில் ஸ்டீயரிங் திரும்பத் தொடங்குகிறது. டிரெயில் பிரேக்கிங் என்கிறார்கள். பிரேக் பிடித்தால் வண்டியின் பாரம் முன் டயருக்கு வரும், முன் டயர் ரோட்டை அழுத்திப் பிடிக்கும். சட்டென்று காலை எடுத்தால் பாரம் பின்னால் ஓடும், முன் டயர் திரும்ப மறுக்கும், கார் நேராகவே போய் மண்ணில் இறங்கும்.

இதைத் தம்பி விளக்கிக்கொண்டிருக்கையில் கதவோரம் நின்றிருந்த அவருடைய அப்பா உள்ளே வந்தார். கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக கேட்டுக்காக வரிசையில் காத்துக்கிடந்தே பாதி ஆயுள் போனது என்பார். "பிரேக்கு போடத் தெரியாதவன் எவன் இருக்கான்? வுடத் தெரியணும்" என்றார். லோடு ஏற்றிய டிரெய்லர் ஈர ரோட்டில் வளையும்போது காலை எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது, பின்னால் வரும் பாரம் முன்வண்டியைத் தள்ளி மடக்காமல் இருப்பது. "நைனா சொன்னதை யூடியூப்ல தேடி மூணு மாசம் போச்சு" என்றார் மகன். அப்பா சிமுலேட்டரில் உட்கார மறுத்துவிட்டார். இருக்கையில் பாரம் தெரியவில்லையாம். உண்மைதான். அந்த உணர்வு இல்லாததால் காதும் கையும் கூடுதல் வேலை செய்யவேண்டும். ஸ்டீயரிங் திடீரென்று லேசானால் முன் டயர் பிடி விட்டது என்று பொருள், டயரின் கீச்சொலி உயர்ந்தால் எல்லைக்கு வந்துவிட்டது. கட்டிங் டூல் மழுங்குவதைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கும் மெஷின் ஆபரேட்டருக்கு இது புதிய வித்தை அல்ல.

இந்தப் பகுதிக்குப் பந்தயமும் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் இருந்த சோழவரம் இங்கிருந்து அதிக தூரமில்லை. 1953இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது, 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக் வந்தது. புல்லட் செய்த என்ஃபீல்டு ஆலை திருவொற்றியூரிலேயே இருந்தது. 2024இல் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் இரவில் ஓடின, ராயபுரத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். இத்தனைக்கும் நடுவில் இங்குள்ள பையன்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள், வண்டிக்கு ஸ்பேனர் பிடித்தார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்தவர்கள் பெரும்பாலும் வேறு வீட்டுப் பிள்ளைகள். கேம் வழியாக அங்கே போனவரும் உண்டு. நிசான் கம்பெனி கேம் ஆடுபவர்களிலிருந்து ஆளெடுத்து உண்மைக் காரில் ஏற்றிய ஜிடி அகாடமியில் 2011இல் ஜெயித்த ஜான் மார்டன்பரோ பிறகு லெ மான் வரை போனார். அந்தக் கதையைச் சொன்னால் தம்பி கையை வீசி மறுக்கிறார். "அது லட்சத்துல ஒருத்தர் சார். எனக்கு ராத்திரி ரேஸ் ஒழுங்கா முடிச்சா போதும்." எனக்கு அந்தப் பதில் பிடித்தது.

ஒழுங்காக முடிப்பதற்கே அங்கே மதிப்பெண். அவர் ஓடும் ஐரேசிங் என்ற ஆன்லைன் பந்தயத்தில் ரூக்கி என்று தொடங்கி டி, சி, பி, ஏ என்று லைசென்ஸ் ஏறும். வேகத்துக்கு ஒரு கணக்கு, ஒழுக்கத்துக்கு ஒரு கணக்கு. டிராக்கை விட்டு வெளியே போனால் 1 புள்ளி, கட்டுப்பாடு இழந்தால் 2, பலமாக இன்னொரு காரை இடித்தால் 4. தப்பு யாருடையது என்று யாரும் விசாரிப்பதில்லை, இரண்டு பேருக்கும் விழும். ஆகவே புதியவர்கள் முதல் வளைவில் முந்தப் பார்க்காமல் கடைசியில் ஒதுங்கி, முன்னால் இடித்துக்கொள்பவர்கள் விலகிய பிறகு போகிறார்கள். கோழைத்தனமாகத் தெரியும், லைசென்ஸ் ஏறுவது அவர்களுக்குத்தான்.

இடிக்காமலே இடிபடுவதும் உண்டு, காரணம் இணையத் தாமதம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002இல் போட்ட ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும் என்றால், போய்வர 32 மில்லிசெகண்ட், மற்றத் தாமதங்கள் அதற்கு மேல். ஐரோப்பிய சர்வர் என்றால் நூறைத் தாண்டும். எதிராளி இப்போது எங்கே இருப்பார் என்று கம்ப்யூட்டர் ஊகித்துத்தான் திரையில் காட்டுகிறது. நம் திரையில் ஒரு கை இடைவெளி இருக்கும், அவர் திரையில் நாம் அவர் கதவில் இருப்போம். ஆகவே தூரத்து ஆளோடு ஓடும்போது தம்பி அரைக் கார் இடம் கூடுதலாக விடுகிறார். கரண்ட் போனால் தாங்க ரவுட்டருக்குத் தனியாக ஒரு சின்ன யு.பி.எஸ்.

நான் பட்டறையில் இருந்தபோது மணலியிலிருந்து ஒருவர் வந்திருந்தார், டேங்கர் லாரி கிளீனராக இருந்து இப்போது டிரைவர். அவருக்கும் ஒரு சட்டம் வேண்டுமாம். வெல்டர் அவரை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, முட்டியிலிருந்து குதிகால் வரை டேப் பிடித்து அளந்து சாக்பீஸால் பைப்பில் கோடு போட்டார். சீட்டுக்குப் புதுப்பேட்டையில் பழைய மாருதி சீட் பார்க்கச் சொன்னார், ரெயில் உடையாமல் இருக்கவேண்டும். கூலி கிரில் ரேட்தான், கிலோ கணக்கு. வீல் என்ன வாங்கலாம் என்று மணலிக்காரர் கேட்டார். "அத்த அப்பறம் பாத்துக்கலாம். லோடு செல்லு சொல்லிட்டியா?" என்றார் தம்பி.