வரும்போது வலம் சிவப்பு
ட்ரென்ற்-செவேர்ன் நீர்வழியில் மூன்று நாட்கள்

கனடாவுக்கு வந்து சேர்ந்த முதல் இரண்டு கோடைகளும் நம்மவர் பலருக்கு நயாகராவோடும் ரொறன்ரோப் பூங்காக்களோடும் கழிந்துவிடும். மூன்றாவது கோடையில் யாராவது ஒருவர், "வடக்கே ஏரிகள் இருக்காம், படகு வாடகைக்கு எடுக்கலாமாம்" என்று தொடங்குவார். நல்ல யோசனைதான். நாமும் மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து ஓர் ஆடி மாதத்தில் அப்படித்தான் புறப்பட்டோம். பார்த்த இடங்கள் பற்றி எழுத நிறைய உண்டு. ஆனாலும் நீரில் இறங்கும் எந்தக் குடும்பத்திற்கும் முதலில் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றையே இங்கு கூடுதலாக எழுதுகிறோம். நீரில் மிதக்கும் சிவப்பு, பச்சை மிதவைகள் என்ன சொல்கின்றன என்பதே அது. ஊரில் 'போயா' என்போமே, அதுதான்.

ஒன்ராறியோ ஏரியின் குவின்ரி குடாவிலுள்ள ட்ரென்ரனில் தொடங்கி, ஜோர்ஜியன் விரிகுடாவிலுள்ள போர்ட் செவேர்ன் வரை 386 கிலோமீற்றர் நீளத்திற்குச் செல்கிறது ட்ரென்ற்-செவேர்ன் நீர்வழி. ஆறுகளையும் ஏரிகளையும் வெட்டிய கால்வாய்களால் இணைத்து உருவாக்கியது. பூர்வீகக் குடிகள் நெடுங்காலம் தோணிகளில் பயணித்த வழி இது. 1615இல் சம்பிளேன் என்ற பிரெஞ்சுக்காரர் ஹியூறன் மக்களோடு இவ்வழியே வந்தார். 1833இல் பொப்கேஜியனில் முதல் நீர்க்கதவு வேலை தொடங்கியது. முழு வழியும் திறந்தது 1920இல்தான். இன்று கனடாப் பூங்கா நிர்வாகம் இதனைப் பராமரிக்கிறது. வைகாசி நடுவிலிருந்து ஐப்பசியில் நன்றியறிதல் நாள் வரை படகுகள் போகலாம்.

ரொறன்ரோவிலிருந்து 401ஆம், 115ஆம் நெடுஞ்சாலைகள் வழியே பீற்றர்பறோவுக்கு ஒன்றரை மணித்தியாலம். அங்குள்ள படகு உயர்த்தியைப் பார்க்காமல் போகக் கூடாது. 1904இல் திறக்கப்பட்டது. இரண்டு பெரிய நீர்த்தொட்டிகள், தராசுத் தட்டுகள் போல, ஒன்று மேலே ஒன்று கீழே. மேல் தொட்டியில் ஓரடி நீர் கூடுதலாக விடுகிறார்கள். அந்தப் பாரத்தில் அது இறங்க, மற்றது படகுகளோடு 65 அடி உயர்கிறது. தூக்குவதற்கு எஞ்சின் இல்லை. நீரின் பாரமே வேலை செய்கிறது. பிள்ளைகளுக்குப் பாடசாலையில் படித்த விஞ்ஞானம் கண்முன்னே நடந்தது.

மிதவைகள் ஏன்?

பொப்கேஜியனில் படகை எடுத்துக்கொண்டு ஸ்டேர்ஜன் ஏரிக்குள் இறங்கினால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே நீர். எங்கும் போகலாம் போலத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பக் கூடாது. இந்த ஏரிகள் பலவற்றில் அணைகள் கட்டி நீர்மட்டத்தை உயர்த்தியிருக்கிறார்கள். முன்பு கரையாகவும் காடாகவும் இருந்த நிலம் இப்போது நீருக்கடியில் கிடக்கிறது. பாறையும் மரக்குற்றியும் ஓரடி ஆழத்தில் ஒளிந்திருக்கலாம். குறியிட்ட பாதையில் படகுக்கு வேண்டிய ஏறத்தாழ ஆறடி ஆழத்தைப் பேணுகிறார்கள். பாதைக்கு வெளியே அந்த உறுதி இல்லை. தெருவின் இரு ஓரத்தையும் காட்டும் கற்களைப் போலத்தான் மிதவைகள் நிற்கின்றன.

விதி சுலபமானது. நீரோட்டத்தை எதிர்த்து மேல்நோக்கிப் போகும்போது, அல்லது கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும்போது, சிவப்பு மிதவை நமது வலப்பக்கம் இருக்க வேண்டும், பச்சை இடப்பக்கம். திரும்பிக் கீழ்நோக்கி வந்தால் எல்லாம் எதிர்மாறு. "வரும்போது வலம் சிவப்பு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். அரை மணித்தியாலத்தில் அவர்களே கூவத் தொடங்கிவிட்டார்கள். சிவப்பில் இரட்டை எண்களும் பச்சையில் ஒற்றை எண்களும் எழுதப்பட்டிருக்கும். மேல்நோக்கிப் போகப் போக எண் கூடும். படத்தில் அந்த எண்ணைத் தேடினால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும்.

பெரியவரின் கேள்வி

எம்முடன் வல்வெட்டித்துறைப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். வணிகக் கப்பல்களில் வேலை செய்து கொழும்பு, சிங்கப்பூர், றொட்டர்டாம் துறைமுகங்களையெல்லாம் பார்த்தவர். முதலாவது சிவப்பு மிதவையைக் கண்டதும், "தம்பி, துறைக்குள்ள வரேக்கை சிவப்பு இடப்பக்கமல்லோ நிக்க வேணும்? இதென்ன மாறி நிக்குது?" என்றார்.

"இல்லை ஐயா, இஞ்சை அப்பிடித்தான்" என்று படகை ஓட்டியவர் படத்தைக் காட்டினார்.

இருவர் சொன்னதும் சரியே. உலகத்தின் கடல்கள் மிதவை விடயத்தில் இரண்டு பிரிவுகளாக இருக்கின்றன. இலங்கை, இந்தியா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா எல்லாம் 'ஏ' பிரிவு. அங்கே துறைக்குள் வரும்போது சிவப்பு இடப்பக்கம். வட, தென் அமெரிக்காவும் யப்பான், தென்கொரியா, பிலிப்பைன்ஸ் நாடுகளும் 'பி' பிரிவு. இங்கே சிவப்பு வலப்பக்கம்.

ஏன் இரண்டு? 1970களின் நடுவில் உலகில் முப்பதுக்கும் மேற்பட்ட மிதவை முறைகள் இருந்தன. 1971 தையில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள டோவர் நீரிணையில் 'ரெக்சாக்கோ கரீபியன்' என்ற எண்ணெய்க் கப்பல் மற்றொரு கப்பலோடு மோதி மூழ்கியது. மறுநாள் 'பிராண்டன்பேர்க்' என்ற கப்பல் அந்தச் சிதைவில் மோதித் தாண்டது. அடுத்த மாதம், அவ்விடத்தில் அடையாளங்கள் இட்டிருந்தும், 'நிக்கி' என்ற கப்பலும் அங்கேயே போனது. மொத்தம் 51 உயிர்கள். அதன் பிறகுதான் ஒரே முறைக்கான முயற்சி வேகம் பிடித்தது. 1980இல் தோக்கியோவில் கூடிய நாடுகள் ஒரு பொது முறைக்கு உடன்பட்டன. ஆனால் நீண்டகாலப் பழக்கத்தை விட இயலாததால் நிறத்தில் மட்டும் இரண்டு பிரிவுகள் தங்கிவிட்டன.

ஆகவே நம்மவரிடையே ஊர்க் கடலில் கைதேர்ந்தவரே இங்கு கூடுதல் கவனமாக இருக்க வேண்டியவர். ஒன்றும் தெரியாதவர் படத்தைப் பார்ப்பார். தெரிந்தவருக்குக் கை தானாகத் திரும்பும். அவருடைய அறிவு வீணல்ல. காற்றையும் அலையையும் நம்மில் எவரையும்விட அந்தப் பெரியவரே நன்றாகக் கணித்தார். நிறத்தை மட்டும் இடம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதில் அவருக்குப் பிடித்த செய்தி ஒன்றும் உண்டு. நிறம் மாறினாலும் உருவம் மாறாது. உள்ளே வரும்போது இடப்பக்கத்து மிதவை தட்டையான தலையுடைய தகரப்பேணி போலவும், வலப்பக்கத்தது கூம்பு போலவும் இருப்பது இரண்டு பிரிவுக்கும் பொது. இந்த நீர்வழியில் பல மிதவைகள் மெல்லிய கம்பம் போன்றவை. அவற்றிலும் விளக்கு இல்லாத பச்சையின் தலை தட்டை, சிவப்பின் தலை கூர். வெயில் கண்ணைக் கூசி நிறம் தெரியாதபோது இது உதவும்.

மற்ற அடையாளங்கள்

ஸ்டேர்ஜன் ஏரியில் வழி பிரிகிறது: ஒன்று லின்ட்சே நகருக்கு, மற்றது பெனலன் போல்ஸ் பக்கம். இப்படிப் பாதை பிரியும் இடங்களில் சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாகத் தீட்டிய மிதவை வைப்பதுண்டு. மேல் பட்டையின் நிறமே பிரதான வழியைச் சொல்லும். மேலே சிவப்பென்றால் அதைச் சிவப்பு மிதவையாகக் கொள்ள வேண்டும்.

மஞ்சளும் கறுப்புமாக, உச்சியில் இரண்டு கறுப்புக் கூம்புகளோடு நிற்பவை திசை காட்டுபவை. இரண்டும் மேல்நோக்கினால் வடக்கு, கீழ்நோக்கினால் தெற்கு, அடியோடு அடி சேர்ந்தால் கிழக்கு, நுனியோடு நுனி சேர்ந்து உடுக்குப் போல இடை சிறுத்தால் மேற்கு. எந்தத் திசையைக் காட்டுகிறதோ அந்தப் பக்கத்தில்தான் ஆபத்தில்லாத நீர். கறுப்பில் சிவப்புப் பட்டையும் உச்சியில் இரு கறுப்புப் பந்துகளும் இருந்தால், அவ்விடத்திலேயே பாறையோ சிதைவோ இருக்கிறது. விலகிப் போக வேண்டும்.

வெள்ளை மிதவையில் செம்மஞ்சள் வட்டம் இருந்தால் வேகம் போன்ற கட்டுப்பாடு. சாய்சதுரம் இருந்தால் ஆபத்து. சாய்சதுரத்துக்குள் சிலுவை இருந்தால் உள்ளே போகவே கூடாது. சிவப்பில் வெள்ளைச் சரிவுக் கோடிட்ட கொடி, கீழே ஆள் சுழியோடுகிறார் என்பதைச் சொல்லும். இதனைப் பிள்ளைகளும் அறிந்திருப்பது நல்லது.

நிறம் இடம் மாறும் ஊர்

பெனலன் போல்ஸ் நீர்க்கதவில் ஏறி, கமரன் ஏரியையும் றோஸ்டேலையும் கடந்து பால்சம் ஏரிக்கு வந்தோம். முழு நீர்வழியிலும் உயரமான இடம் இதுதான். அதற்கப்பால் கல்லை வெட்டிய ஒடுங்கிய கால்வாய். இருபுறமும் பாறைச் சுவர். எதிரே படகு வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மிச்சல் ஏரியைத் தாண்டினால் கேர்க்பீல்ட். 1907இல் திறந்த இரண்டாவது படகு உயர்த்தி இங்கே இருக்கிறது. பீற்றர்பறோவில் நிமிர்ந்து பார்த்த நாம், இங்கே தொட்டியின் விளிம்பிலிருந்து 49 அடி பள்ளத்தைக் குனிந்து பார்த்தோம்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் விழித்திருக்க வேண்டும். இதுவரை மேல்நோக்கி வந்தோம், சிவப்பு வலப்பக்கம். இனி ஜோர்ஜியன் விரிகுடாவை நோக்கிக் கீழே இறங்குகிறோம். ஆகவே கேர்க்பீல்டுக்கு அப்பால் சிவப்பு இடப்பக்கம். படகு திரும்பவில்லை, நீரின் திசைதான் திரும்பியது. காலை முழுதும் பழகிய கை பழைய பக்கமே இழுக்கும். உயர்த்தியை விட்டு வெளியேறுமுன், "இனிச் சிவப்பு இடம்" என்று படகிலுள்ள அனைவரும் உரத்துச் சொல்லிக்கொண்டோம்.

ஆக, சிவப்பு எந்தப் பக்கம் என்பது இரண்டாவது கேள்வி. முதற் கேள்வி, "இங்கே மேல்நோக்கு எது?" என்பதே. அதற்கு விடை கனடா நீரளவை நிறுவனம் வெளியிடும் படத்தில் உண்டு. படமில்லாமல் புறப்பட வேண்டாம்.

புறப்படுமுன்

எஞ்சின் பூட்டிய உல்லாசப் படகை ஓட்டுவதற்குத் தகுதிச் சான்று வேண்டும். பரீட்சை எழுதிப் பெறும் படகோட்டுநர் அட்டை ஆயுள் முழுதும் செல்லும். வாடகைப் படகானால், கொடுப்பவர் விளக்கிச் சொல்லி ஒரு பட்டியலில் கையெழுத்து வாங்குவதும் உண்டு. கையெழுத்திடுமுன் படத்தை விரித்து, "எங்கிருந்து எங்கே மேல்நோக்கு? எங்கே பாறை?" என்று கேளுங்கள். ஆங்கிலம் தயக்கமென்றால் விரலால் காட்டிக் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆளுக்கொரு, அளவான உயிர்காப்பு அங்கி படகில் இருப்பது சட்டம். கரையிலேயே போட்டுக்கொண்டு ஏறுவது அறிவு. வழிகாட்டும் மிதவையில் படகைக் கட்டுவது குற்றவியல் சட்டப்படி குற்றம். படம் எடுப்பதற்குக்கூட வேண்டாம். சங்கிலியில் ஆடும் பொருளாகையால் மிதவை சற்று விலகியும் நிற்கலாம். உரசிக்கொண்டு போகாமல் இடைவெளி விடுங்கள். இருட்டுமுன் கரைசேருங்கள். இரவில் சில மிதவைகளில் மட்டுமே விளக்குண்டு. படகுகளின் விளக்கு வேறு கதை: எந்த நாட்டிலும் படகின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்கம் பச்சை. மிதவை விளக்கோடு இதனைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

படகை ஓட்டுபவர் ஒருவர். மிதவையைப் பார்ப்பவர் இன்னொருவர். இந்த இரண்டாவது வேலையைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். படத்தையும் எண்களையும் அவர்கள் நம்மைவிட விரைவில் பிடித்துக்கொள்வார்கள். அடுத்த கோடையில் நமக்கு வழி சொல்பவர்களும் அவர்களாகவே இருப்பார்கள்.