கல்வராயன் மலையில் இலையுதிர் காலம்

"பருவங்கள் நான்கு, அவற்றுள் ஒன்று இலையுதிர் காலம்" என்று வகுப்பில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தோம். பையன் ஒருவன் எழுந்து, "ஸார், நம் ஊரில் அது எந்த மாதம்?" என்று கேட்டுவிட்டான். வசமாக அகப்பட்டுக்கொண்டோம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று நம் முன்னோர் வகுத்த ஆறு பருவங்களில் அப்பெயர் இல்லை. பாடமோ குளிர் தேசத்தைப் பார்த்து எழுதியது. பையன் கேட்பதோ கள்ளக்குறிச்சியைப் பற்றி!

விடை தேடி, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமையன்று நண்பர் இருவரோடு கல்வராயன் மலைக்குப் புறப்பட்டோம். கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் தாண்டியதும் பஸ் வளைந்து வளைந்து ஏறி, வெள்ளிமலையில் எங்களை இறக்கிவிட்டது. வனத்துறையாரிடம் முன்னரே அனுமதி பெற்றிருந்தோம். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் வழிகாட்ட, ஓர் ஓடைப் பள்ளத்தாக்கில் இறங்கினோம்.

அடடா! வேங்கை மரங்கள் பொன்னிறமாகப் பழுத்து நின்றன. ஒதியம் ஓர் இலையுமின்றி வெறுங்கையோடு நின்றது. புரசோ இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு நெருப்பு நிறப் பூவைச் சூடியிருந்தது. பக்கத்திலேயே பூவ மரம் செக்கச்செவேலென்று தளிர்த்திருந்தது. மேல் நாட்டில் சாகப் போகும் இலை சிவக்கும். இங்கே பிறந்த இலையும் சிவக்கிறது!

"இலை ஏன் கொட்டுகிறது, பெரியவரே?" என்றோம்.

"தண்ணி பத்தலைங்க, ஐயா. குடிக்கிற வாயைக் குறைச்சுக்குது" என்றார் அவர்.

தாவர சாஸ்திரம் சொல்வதும் இதுதான். குளிர் தேசத்தில் பகல் குறுகிக் குளிர் வருவதால் இலை உதிர்கிறது. நம் மலையிலோ மழை நின்று மண் காய்ந்ததும், இலை வழியே ஈரம் வீணாகாதபடி, காம்பின் அடியில் மெல்லிய தடுப்பை உண்டாக்கி மரம் இலையைக் கழற்றி விடுகிறது.

ஓடையில் நீர் நூலாக இளைத்திருந்தது. ஒரு பாறையில் அமர்ந்தோம். நண்பர் ஒருவர் சிகரெட்டை எடுத்து, தீப்பெட்டியைத் திறந்தார். பெரியவர் சட்டென்று அதைப் பிடுங்கித் தம் மடியில் முடிந்துகொண்டார். அதுவரை 'சரசர'வென்று நாங்கள் மிதித்து மகிழ்ந்த சருகுகளை அப்பொழுதுதான் உற்றுப் பார்த்தோம். கணுக்கால் அளவு கிடந்தன. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் தேதி, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய நடைப்பயணிகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டது நினைவுக்கு வந்தது. அதுவும் இதே மாசி மாதந்தான். நண்பர் தலைகுனிந்து, "மன்னியுங்கள், பெரியவரே" என்றார். மலையடிவாரம் சேர்ந்த பின்னரே தீப்பெட்டி திரும்பக் கிடைத்தது.

மறுநாள் வகுப்பில் விடை சொன்னோம்: "நம் ஊரில் இலையுதிர் காலம் மாசியும் பங்குனியும். குளிரால் அல்ல, தாகத்தால்." பையன் திருப்தியுற்றுப் பேசாமல் உட்கார்ந்தானா? "எங்களை எப்பொழுது ஸார் அழைத்துப் போவீர்கள்?" என்றான்.

"மழை பெய்து காடு பச்சை பிடிக்கட்டும், போகலாம்" என்றோம்.