வீட்டுப் படங்களுக்கு ஒரு பெட்டி: நாங்கள் போட்ட கணக்கு

 

"வீட்டில ஒரு பெட்டி வச்சி எல்லாப் படத்தையும் டீவியில பார்க்கிறீங்களாமே, என்ன வாங்கினீங்க, எவ்வளவு முடிஞ்சது?" என்று பாடசாலையிலும் பள்ளியடியிலும் பலர் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஆள் வாசலில் நின்று சொல்வதைவிட ஒரேயடியாக எழுதலாம் என்று நினைத்தோம். பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில், எங்களிடம் என்ன இருந்தது. வி.எச்.எஸ். காசட் 19. கையடக்கக் கமராவின் சின்னக் காசட் 7. வி.சி.டி. அறுபது சொச்சம். டி.வி.டி. 280 அளவில். இரண்டு வீட்டு அலுமாரிகளில் கிடந்து ஒன்றாகச் சேர்ந்தவை இவை. தட்டுகளில் பெரும்பாலானவை சினிமா. காசட்டுகள் அப்படியல்ல. கல்யாணங்கள், சுன்னத்து வைபவம், ஹஜ் முடித்து வந்த நாள், பாலர் பாடசாலைக் கலைவிழா. ஒரு கல்யாணக் காசட்டில் உம்மம்மா கமராக்காரரைப் பார்த்து, "மகன், சாப்பிடாமப் போயிராதங்க" என்று சொல்லுவா. அவவின் குரல் என்று எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

இதையெல்லாம் யூடியூபில் ஏற்றி லிங்க்கைப் பகிரலாமே என்று கட்டாரில் இருக்கும் தம்பி கேட்டான். செலவில்லாத வழிதான். ஆனால் அந்தக் காசட்டுகளில் பெண்கள் பகுதியும் இருக்கிறது. பெண்கள் மட்டும் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் உம்மாமாரும் ராத்தாமாரும் மாமிமாரும் இருந்த கோலம் அது. இன்று அவர்களில் பலர் மௌத்தாகிவிட்டார்கள், அனுமதி கேட்கவும் வழியில்லை. லிங்க் தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கலாம் என்று போட்டாலும், அந்த லிங்க் ஒரு வாட்ஸ்அப் குழுவில் விழுந்தால் போதும். ஆகவே நாங்கள் தேடியது, படம் வீட்டை விட்டு வெளியே போகாமல், ஆனால் உரியவர் எங்கிருந்தாலும் பார்க்கக்கூடிய ஒரு வழி. சினிமாத் தொகுப்பு அதோடு சேர்ந்து வந்த வசதி.

இந்த வேலையைச் செய்யும் கணனிக்கு மீடியா சேர்வர் என்று பெயர். படங்கள் அதன் ஹார்ட் டிஸ்கில் இருக்கும். ரவுட்டர் வழியாக டீவி, போன், டெப் எதிலும் பார்க்கலாம். வீட்டுக்குள் பார்க்கும்போது டேட்டா ஒரு துளியும் போகாது. நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கில் எச்.டி. தரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு 3 ஜீ.பி. வரை செலவாகும். பிள்ளைகள் ஒரே படத்தைப் பத்துத் தரம் பார்ப்பார்கள். மாதப் பெக்கேஜில் ஓடும் எங்களைப் போன்ற வீடுகளுக்கு இது சின்ன விசயமல்ல.

எந்தப் பெட்டி? மூன்று வழிகள் இருந்தன.

ஒன்று, ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணனி. கரண்ட் மிகக் குறைவு. ஆனால் படத்தை டீவிக்கு ஏற்ற வடிவத்துக்கு உடனுக்குடன் மாற்றும் வேலையில் அது திணறும். இந்த மாற்றும் வேலைதான் முழுத் தெரிவுக்கும் அச்சாணி. டி.வி.டி.யில் இருப்பது எம்பெக்-2 என்ற பழைய வடிவம். பல போன்களும் பிரவுசர்களும் அதை நேரடியாக ஓட்டாது, சேர்வர் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

இரண்டு, நாஸ் என்று சொல்லும் டிஸ்க் பெட்டி. இரண்டு டிஸ்க் போட்டு, ஒன்று பழுதானாலும் மற்றதில் இருக்கும்படி வைக்கலாம். நல்ல பொருள்தான். ஆனால் வெறும் பெட்டியின் விலையே ஆசிரியர் சம்பளத்துக்குக் கனம், டிஸ்க் வேறாக வாங்க வேண்டும்.

மூன்று, காரியாலயங்கள் கழித்துவிடும் சின்னக் கணனி, அதாவது மினி பீ.சி. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. இன்டெல் 7 ஆம் தலைமுறைக் கணனிகளில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவை விண்டோஸ் 11 க்குத் தகுதியில்லை. அதனால் நல்ல நிலையில் உள்ள இயந்திரங்கள் செக்கண்ட் ஹாண்ட் சந்தைக்கு வருகின்றன. எங்கள் வேலைக்கு விண்டோஸ் தேவையே இல்லை, லினக்ஸ் இலவசம். அந்த 7 ஆம் தலைமுறையிலிருந்துதான் எச்.இ.வி.சி. 10 பிட் படங்களையும் சில்லுக்குள்ளேயே மாற்றும் வசதி இன்டெல்லில் முழுமையாக வருகிறது. நாங்கள் எடுத்தது இதைத்தான். புதிதாக வாங்க வசதியுள்ளவர்கள் இன்டெல் என்100 சில்லுள்ள பெட்டியைப் பார்க்கலாம், அது இன்னும் குறைவாகக் கரண்ட் இழுக்கும்.

டிஸ்க் எவ்வளவு வேண்டும்? ஒரு சாதாரண டி.வி.டி. 4.7 ஜீ.பி. 280 ஐயும் அப்படியே ஏற்றினாலும் 1.3 டீ.பி. தான். சின்னக் காசட் ஒரு மணித்தியாலம் 13 ஜீ.பி. பிடிக்கும், ஆனால் அது ஏழுதான். 2 டீ.பி. தாராளம். கடைக்காரர் 8 டீ.பி. காட்டினால் மயங்க வேண்டாம். அந்தக் காசில் இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்குங்கள். ஏனென்று பின்னால் சொல்கிறோம்.

கரண்ட் கணக்கு. சும்மா ஓடும்போது 10 வாட் இழுக்கும் பெட்டி, மாதம் முழுக்க இருந்தால் 7.2 அலகு. வீட்டில் கிடக்கும் பழைய பெரிய கணனி 60 வாட் இழுத்தால் 43 அலகு. மாதம் 60 அலகைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். "பழசுதானே, சும்மா கிடக்குது" என்று அதைப் போட்டால், மிச்சம் பிடித்த காசு பில்லில் போய்விடும்.

யூ.பி.எஸ். கட்டாயம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டியதையும், 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறையில் ஒரு குரங்கால் நாடே இருண்டதையும் நாம் மறக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டிஸ்க்கிலுள்ள கோப்பு கெடலாம். யூ.பி.எஸ். படம் பார்க்க அல்ல, பெட்டியை ஒழுங்காக நிறுத்த அவகாசம் தருவதற்கு.

அடுத்தது மென்பொருள். பிளெக்ஸ், எம்பி, ஜெலிஃபின் மூன்றும் பிரபலமானவை. பிளெக்ஸ் பார்க்க அழகு, டீவிகளில் இலகுவாகக் கிடைக்கும். ஆனால் 2025 ஏப்ரல் 29 முதல், வீட்டுக்கு வெளியே இருந்து சொந்தப் படத்தைப் பார்ப்பதற்கும் காசு கேட்கிறது. ஆயுட்காலக் கட்டணமும் ஏறத்தாழ 120 டொலரிலிருந்து 250 டொலராகியது. எம்பி தன் நிரலை மூடிக்கொண்டபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்தது ஜெலிஃபின். முழுக்க இலவசம், தொண்டர்கள் நடத்துவது. எங்களுக்குப் பெரிய காரணம் வேறு: அதில் பயனர் கணக்குகள் எங்கள் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. நெட் அறுந்தாலும் வீட்டுக்குள் ஓடும். யார் எதைப் பார்க்கலாம் என்று ஆளுக்கு ஆள் பிரிக்கலாம். கல்யாணக் காசட்டுகளின் பெண்கள் பகுதி தனி நூலகம், குடும்பப் பெண்களின் கணக்குகளில் மட்டும் தெரியும். பிள்ளைகளின் கணக்கில் அவர்களுக்குரியது மட்டும். இந்த ஒரு வசதிக்காகவே நாங்கள் ஜெலிஃபினுக்குப் போனோம்.

தம்பி கட்டாரிலிருந்து பார்ப்பது எப்படி? 4ஜீ ரவுட்டர்களுக்குப் பெரும்பாலும் தனியான பொது முகவரி கிடைப்பதில்லை, ஆகவே வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. டெயில்ஸ்கேல் என்ற செயலி இரண்டு பக்கத்தையும் பூட்டிய குழாய்போல் இணைத்துவிடும். சொந்தப் பாவனைக்கு இலவசம். உம்மம்மாவின் குரலைக் கேட்டுவிட்டு அவன் அனுப்பிய வொய்ஸ் மெசேஜில் பேச்சைவிட அமைதிதான் கூட இருந்தது.

காசட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு அவசரச் சொல். தன்னாமுனையில் வாவிக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. காசட்டின் கண்ணாடிச் சன்னலால் பாருங்கள், நாடாவில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சணம். டெக்கில் போட வேண்டாம். டெக்கின் தலையும் கெடும், அடுத்த காசட்டுக்கும் பரவும். முதலில் துப்புரவாக்க வேண்டும். டெக்கும் இனிப் புதிதாகக் கிடைக்காது, கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. கணனிக்கு மாற்றுவதற்குக் குறுக்கு வழியில்லை, மூன்று மணித்தியாலக் காசட்டுக்கு மூன்று மணித்தியாலம் ஓட வேண்டும். எங்கள் 19 இல் 16 வந்தன. அல்ஹம்துலில்லாஹ். மூன்று வரவில்லை.

சின்னத் தொல்லை ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். பழைய தட்டுகளின் பெயர்ப் பட்டியல் பாமினியில் அடித்தது. அப்படியே போட்டால் டீவியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பின்தான் ஏற்ற வேண்டும். வீட்டு வீடியோக்களைச் சினிமா நூலகத்தில் போடாமல், அதற்கென்று உள்ள வகையில் போடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சாச்சாவின் கல்யாணத்துக்கு ஏதோ ஒரு வெளிநாட்டுப் படத்தின் போஸ்டர் வந்து நிற்கும்.

இனி வீட்டில் அதிகம் கதைத்த விசயம். "என்ன மகன், வீட்டுக்குள்ள தியேட்டரா தொறக்கப் போறிங்க?" என்று உம்மா கேட்டா. நியாயமான கேள்வி. எங்கள் பதில், தியேட்டர் ஏற்கனவே ஒவ்வொரு போனிலும் திறந்துதான் இருக்கிறது, அடுத்தது எது என்று யாரோ தெரிவு செய்து போடுகிறார்கள், இங்கே தெரிவு நம்முடையது என்பதுதான். 1976 இல் வந்த 'தி மெசேஜ்', மஜித் மஜிதியின் 'சில்ரன் ஒஃப் ஹெவன்' இரண்டும் பிள்ளைகளின் பட்டியலில் முதலில் இருக்கின்றன. காலணியைத் தொலைத்த அண்ணன் தங்கையின் கதையைப் பார்த்துவிட்டு எங்கள் மகள் சப்பாத்தை இப்போது ஒழுங்காக அடுக்கி வைக்கிறாள்.

ஆனால் 280 தட்டையும் ஏற்றவில்லை. அவற்றில் பெரும்பாலானவை அந்தக் காலத்தில் கடைகளில் விற்ற கொப்பிகள். நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். ஆக்கியோனின் உரிமை மார்க்கத்திலும் பேணப்பட வேண்டியது என்று 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமி தீர்மானித்திருக்கிறது. பரீட்சையில் பார்த்து எழுதாதே என்று காலையில் சொல்லிவிட்டு, இரவில் களவுக் கொப்பி பார்க்க எங்களுக்கு மனம் வரவில்லை. அசலாக வாங்கிய எழுபது அளவில்தான் பெட்டிக்குள் போயின. தொகுப்பு சுருங்கியது. தம்பிக்குக் கொஞ்சம் கோபம்தான். மற்றவர் வீட்டுக்கு நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை, எங்கள் வீட்டு முடிவைச் சொல்கிறோம்.

கடைசியாக அந்த இரண்டாவது டிஸ்க். பெட்டிக்குள் ஒரு பிரதி இருப்பது பாதுகாப்பு ஆகாது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது பொது விதி. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது அங்கிருந்த பல படச்சுருள்கள் அதோடு போயின. பெரிய கம்பனிக்கே அந்த நிலை. நம் பக்கம் வெள்ளம், சுனாமி, 1990 எல்லாம் கண்டது. ஏறாவூரிலும் சத்துருக்கொண்டானிலும் அந்த வருடம் இழந்தவர்களின் முகம் ஒரு போட்டோவில் மட்டும் மிஞ்சிய வீடுகள் உண்டு. ஆகவே வீட்டுக் காசட்டுகளின் இன்னொரு பிரதி ஏறாவூரில் ராத்தா வீட்டு அலுமாரியில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறோம்.

பக்கத்து வீட்டு அன்ரி தன் மகனின் முதல் நன்மைக் காசட்டைக் கொண்டுவந்து தந்திருக்கிறா. பூஞ்சணம் இல்லை, இந்தக் கிழமை மாற்றிக் கொடுத்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ். உங்களிடமும் காசட் இருந்தால், பெட்டி வாங்குவதைப் பிறகு யோசியுங்கள். முதலில் காசட்டை எடுத்து, நிழலில் நிமிர்த்தி வைத்து, மேலே யாருடைய எந்த வைபவம் என்று எழுதுங்கள். அதில் இருப்பவர்கள் யார் யார் என்று தெரிந்த மூத்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அந்தத் தகவலை எந்தச் சேர்வரும் தேடித் தராது.