ஒளியேட்டில் விடுபட்ட எழுத்துகள்

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த சான்றோர் பட்ட துன்பங்களுள் தலையாயது செல்லரித்த இடங்களால் விளைந்ததே ஆகும். ஓரடியில் நான்கு எழுத்துகள் சிதைந்துபோயின், அவ்விடத்தே புள்ளியிட்டுச் செல்வதே பதிப்பறம். இல்லாததை இட்டு நிரப்புதல் தகாது என எம் ஆசிரியப் பெருமக்கள் எமக்குக் கற்பித்தனர். யாமும் வகுப்பறையில் அதனையே கூறி வருகின்றோம். ஆயின், விடுபட்ட எழுத்துகளையே செய்தியாகக் கொண்டு படிக்கும் துறை ஒன்று உண்டு. அதனை எமக்கு விரிவாக அறியத் தந்தவர் இயற்பியல் இரண்டாமாண்டு பயிலும் மாணவி ஒருவர்.

அவர் எம்மைப் போலவே ஆவடியிலிருந்து நாள்தோறும் மின்தொடர் வண்டியில் வருபவர். பள்ளிப் படிப்பு முழுமையும் தமிழ்வழியே பயின்றவர். தந்தையார் ஆவடியில் ஒரு தொழிற்கூடத்தில் முப்பதாண்டுகள் கடைசல் இயந்திரத்தில் உழைப்பவர். ஆங்கிலப் பாடநூல்களோடு மகள் படும் பாட்டைக் கண்டு, இவ்வாண்டோடு படிப்பை நிறுத்திவிடலாம் என அவர் எண்ணியிருந்தார். அந்நிலையில்தான், சுவரிதழுக்கெனக் குவாசர்கள் பற்றித் தமிழில் எழுதிய கட்டுரையைத் திருத்தம் வேண்டி அம்மாணவி எம்மிடம் கொணர்ந்தார். தொழிற்சாலை விளக்குகளும் தொடர்வண்டிப் பணிமனை விளக்குகளும் இரவெல்லாம் எரியும் எங்கள் ஊரில், மொட்டைமாடியில் நின்று எண்ணினால் பத்து விண்மீன்கள் தேறுவதே அரிது. அவ்வூரிலிருந்து இப்பொருளைத் தேர்ந்த துணிவு எமக்கு உவகை தந்தது.

கட்டுரையின் முதற்பத்தி, குவாசரை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று தொடங்கிற்று. அப்பத்தியை நீக்குமாறு கூறினோம். முன்னோர் அறியாததை அறிந்ததாகக் கூறுதலும் சிதைந்த ஏட்டில் சொந்தச் சொல்லைச் செருகுதலும் ஒரே வகைக் குற்றமே. தமிழின் பெருமைக்கு அத்தகைய முட்டுக்கால்கள் வேண்டா. எஞ்சிய பகுதியோ எம்மை வியப்பில் ஆழ்த்திற்று.

குவாசர் என்பது தொலைநோக்கியில் விண்மீன்போல் ஒரு புள்ளியாகத் தோன்றும்; உண்மையில் அது தொலைதூர விண்மீன் திரளொன்றின் நடுவே பெருங்கருந்துளையை நோக்கி வீழும் பொருள் வெம்மையுற்று வீசும் ஒளியாகும். 1962ஆம் ஆண்டில் 3சி 273 எனும் வானொலி மூலத்தை நிலவு மறைத்தபோது, ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியால் அதன் இருப்பிடத்தைத் துல்லியமாகக் குறித்தனர். மறு ஆண்டில் மார்ட்டன் ஷ்மிட் என்பார் அதன் நிறமாலையை ஆய்ந்து, ஹைட்ரஜனின் கோடுகள் ஏறத்தாழ 16 விழுக்காடு சிவப்பை நோக்கிப் பெயர்ந்திருத்தலைக் கண்டார். நாம் காணும் அவ்வொளி புறப்பட்டு இருநூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாயின.

நிலவு மறைக்கும் அவ்வுத்தியையே அடிப்படையாகக் கொண்டு நம் தமிழகத்தில் ஒரு பெருங்கருவி எழுந்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. உதகைக்கு அருகே முத்தோரையில், கோவிந்த் சுவரூப் அவர்களின் முயற்சியால் 1970இல் இயங்கத் தொடங்கிய வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. அவ்வூரின் அகலாங்கு ஏறத்தாழ 11 பாகை. அதே சாய்வுடைய மலைச்சரிவைத் தேர்ந்து நிறுவியமையால், கருவியின் அச்சு புவியின் அச்சுக்கு இணையாயிற்று. ஒரே அச்சில் திருப்பியே வான்பொருளைப் பல மணி நேரம் பின்தொடரலாம். மலையையே கருவியின் உறுப்பாக்கிய நுட்பம் இது! இதன் அளவீடுகளைக் கொண்டு சுவரூப்பும் விஜய் கபாஹியும் 1975இல், பண்டைய அண்டம் இன்றைய அண்டத்தைப் போன்றதன்று என்பதற்குச் சான்று காட்டினர்.

இனி, விடுபட்ட எழுத்துகளுக்கு வருவோம். குவாசரின் ஒளி நம்மை நோக்கி வரும் நெடுவழியில் வாயு மேகங்களை ஊடுருவுகின்றது. ஒவ்வொரு மேகமும் தனக்குரிய நிறங்களைச் சிறிது விழுங்கிக்கொள்ளும். நிறமாலையில் அவை கருங்கோடுகளாக விழும். அண்டம் விரிந்துகொண்டே வருதலின், எந்தக் கோடு எவ்வளவு பெயர்ந்துள்ளது என்பதனைக் கொண்டு அம்மேகம் எக்காலத்தது எனக் கூறலாம். விளக்குக்குப் பயன் தன்னைக் காட்டுவதன்று, இடையில் நிற்பவற்றைக் காட்டுவதே என்று மாணவி எழுதியிருந்தார். அத்தொடரில் ஓரெழுத்தையும் யாம் திருத்தவில்லை.

புனேயிலுள்ள வானியல் மற்றும் வானியற்பியல் பல்கலைக்கழக இடை மையத்தின் ஆர். ஸ்ரீஆனந்த் அவர்களும் பிரெஞ்சு அறிஞர்களான பெத்திழானும் லெதுவும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் தலைசிறந்தது. அண்டம் தோன்றிய காலத்து வெப்பத்தின் எச்சம் இன்று 2.73 கெல்வின் அளவில் எங்கும் நிறைந்துள்ளது. அண்டம் இன்றுள்ளதில் மூன்றில் ஒரு பங்கினும் சிறிது குறைவாக இருந்த காலத்தில், அவ்வெப்பம் 9.1 கெல்வினாக இருந்திருத்தல் வேண்டும் என்பது கொள்கை. மெய்யா என்று எவ்வாறு அறிவது? அங்கே வெப்பமானி வைத்தவர் எவர்? ஏறத்தாழ 1,100 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மேகமொன்றின் கார்பன் அணுக்களே அவ்வெப்பமானி. சிறுவெப்பம் பட்டுக் கிளர்ந்த அணு விழுங்கும் நிறம் கிளராத அணுவின் நிறத்தினின்றும் சற்றே வேறுபடும். சிலி நாட்டிலுள்ள பெருந்தொலைநோக்கியில் அக்கோடுகளை ஒப்பிட்டு, வெப்பம் 6 கெல்வினுக்கும் 14 கெல்வினுக்கும் இடைப்பட்டது என நிறுவினர். அணுக்களின் மோதலாலும் கிளர்ச்சி உண்டாகுமாதலின் அதற்குமேல் அன்று நெருங்க இயலவில்லை. 2008இல் வேறொரு மேகத்தின் கார்பன் மோனாக்சைடு கோடுகளைக் கொண்டு ஸ்ரீஆனந்த் குழுவினர் கண்ட அளவு 9.15, பிழையெல்லை கூட்டியும் கழித்தும் 0.72. அம்மேகத்துக்குக் கொள்கை கூறிய அளவு 9.3.

கட்டுரை சுவரிதழில் வெளிவந்த வாரத்தில், மாணவியின் இல்லத்திற்கு ஒரு மாலைப்பொழுதில் சென்றிருந்தோம். தந்தையார் கட்டுரையின் படியை முழுவதும் படித்து முடித்திருந்தார், விரல் 0.72இல் நின்றது.

"சார், எங்க ஷாப்புல இந்த டாலரன்ஸுக்கு ஒரு புஷ்ஷைக்கூட இன்ஸ்பெக்‌ஷன்ல விடமாட்டாங்க" என்றார்.

ஆறுக்கும் பதினான்குக்கும் இடையே இருந்தது எட்டாண்டுகளில் அவ்வளவுக்கு நெருங்கியுள்ளது என்றோம். கூடத்தின் சுவரை நோக்கியவாறு சிறிது நேரம் மனத்துள் கணக்கிட்டார்.

"அப்படின்னா நல்லாத்தான் இறக்கியிருக்காங்க. ஏம்மா, இதுக்கப்புறம் யாராவது இன்னும் இறக்குனாங்களா?"

2011இல் மேலும் சில மேகங்களையும் சேர்த்து அளந்துள்ளனர் என்று மகள் கூறி, தாளொன்றில் கோடிட்டு விளக்கத் தொடங்கினார். அவர் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். யாம் விடைபெற்று வாயிலுக்கு வந்தபோது பின்தொடர்ந்து வந்து, மூன்றாமாண்டுக் கட்டணத்துக்கு இறுதிநாள் எதுவென எம்மிடம் வினவினார்.