பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்!

"நான் வரலைங்க. நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

திருச்சியைச் சேர்ந்த, தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அந்த 64 வயதுக்காரருக்கு மனைவியின் இந்தப் பதில் புதிதல்ல. இரண்டு வருடங்களுக்கு முன் அவருக்கு முதுகில் டிஸ்க் ஆபரேஷன் ஆனது. அன்றிலிருந்து கல்யாணம், கோயில் என்று எதற்குக் கூப்பிட்டாலும் இதே வார்த்தைதான். ஆனால், இந்த முறை கூப்பிட்டது தஞ்சாவூரில் இருக்கும் மகள். வைகாசியில் பேத்திக்குக் காதுகுத்து. பாட்டி இல்லாமல் எப்படி?

"வலிகூடப் பரவாயில்ல. அந்த காரை நினைச்சாதான் பயமா இருக்கு" என்றார் மனைவி.

அந்த கார், 2009 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட். 1,78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி-யைப் புதுப்பித்து வைத்திருக்கிறார். இன்ஜின் இன்றும் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும். அதனால் காரில் குறை இருக்கிறது என்று யார் சொன்னாலும் அவருக்குக் கோபம் வரும். ரோடு சரியில்லை என்பார். அதிலும் பாதி உண்மை உண்டு. இந்தியச் சாலை காங்கிரஸின் வரையறைப்படி வேகத்தடை என்பது 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய மேடு. நம் தெருக்களில் இருப்பது, தார் மிஞ்சிய அன்று யாரோ கொட்டிவிட்டுப் போன கரை.

மாப்பிள்ளை கார் அனுப்புவதாகச் சொன்னார். பெங்களூரிலிருக்கும் மகன், "வித்துடுங்கப்பா, தேவைப்படுறப்போ டாக்ஸி வச்சுக்கலாம்" என்றான். இரண்டுக்கும் அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் ஒரு பெரிய வொர்க்‌ஷாப்பில் காரைக் காட்டினார். ஸ்பிரிங், ஸ்டியரிங் ரேக் உட்பட எல்லாவற்றையும் மாற்ற 46,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர் இதற்காக ஒதுக்கி வைத்திருந்தது 15,000.

அடுத்துப் போனது அரியமங்கலம் பக்கம் இருக்கும் ஒரு சின்ன ஷெட். மெக்கானிக்குக் முப்பது வயதுதான் இருக்கும். "சாவி கொடுங்க சார், நீங்க பின்னாடி உட்காருங்க" என்றார். இத்தனை வருடத்தில் தன் காரின் பின் சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை. முதல் பள்ளத்தில் 'டொக்' என்ற சத்தம். வேகத்தடையில் ஏறி இறங்கியபோது இடுப்பு சீட்டிலிருந்து எழும்பி மறுபடி விழுந்தது. முதுகில் தலையணை வைத்துக்கொண்டு அம்மா உட்காரும் இடம் அது. திரும்பி வரும்வரை அவர் பேசவில்லை.

மெக்கானிக் முதலில் செய்தது காசில்லாத வேலை. டயர் காற்றை அளந்தார். டிரைவர் கதவருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சொன்னதைவிட ரொம்ப அதிகம். மைலேஜ் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவரே வைத்த காற்று. கல்லுபோல இருக்கும் டயர், அதிர்வை அப்படியே மேலே அனுப்பிவிடும்.

பிறகு பின் பக்கத்தைக் கையால் அழுத்தி விட்டார். கார் மூன்று முறை ஆடிய பிறகே நின்றது. நல்ல ஷாக் அப்சார்பர் என்றால் மேலே வந்ததும் அடங்கிவிட வேண்டும். முன் பக்கம் ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். இடது பக்கம் லொடலொடத்தது. லோயர் ஆர்ம் நுனியில் இருக்கும் பால் ஜாயின்ட் தேய்ந்திருந்தது. புஷ் ரப்பர்கள் வெடித்திருந்தன. முன் ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய்க் கசிவு. 'டொக்' சத்தத்துக்குக் காரணம், விரல் கனமே இருக்கும் லிங்க் ராட்.

"அம்மாவுக்கு வலி தர்றது பின்னாடி. ஆனா ஆபத்து முன்னாடி இருக்கு சார். அந்த பால் ஜாயின்ட் கழண்டா ஓடும்போதே சக்கரம் மடங்கிடும்."

கையில் இருப்பதோ ஒரு பக்கத்துக்கான பணம். மனைவிக்காக ஆரம்பித்த வேலை, அவர் உட்காராத பக்கத்துக்குப் போனது.

லோயர் ஆர்ம் ஜோடி 3,400. லிங்க் ராட் 900. முன் ஷாக் அப்சார்பர் 4,200. மேல் மவுன்ட் 1,500. டஸ்ட் கவரும் ஸ்டாப்பர் ரப்பரும் 500. கூலி 2,200, வீல் அலைன்மென்ட்டும் பேலன்ஸிங்கும் 700. ஆக 13,400. இதில் மவுன்ட்டை விட்டுவிடலாமா என்று கேட்டார். ஷாக் அப்சார்பரைக் கழற்றினால்தான் மவுன்ட் வெளியே வரும், பின்னால் தனியாக மாற்றினால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டும் என்றார் மெக்கானிக். ஸ்பிரிங் வேண்டாம், இரண்டு பக்க உயரமும் சமம், விரிசல் இல்லை. ஸ்டியரிங் ரேக்கும் நன்றாகவே இருந்தது.

வேலை நடந்த நாள் முழுக்க அவர் ஸ்டூல் போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஆர்ம் போல்ட்டுகளை மெக்கானிக் உடனே முறுக்கி முடிக்கவில்லை. காரைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகே கடைசி முறுக்கு. தொங்கும்போது முறுக்கினால், கீழே இறக்கியதும் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். அவசரக் கடைகளில் இதைப் பார்ப்பது அரிது.

மீதி 1,600 ரூபாயில்தான் தப்பு செய்தார். பின் பக்கத்துக்கு, மெக்கானிக் தலையாட்டியும் கேட்காமல், வேறொரு கடையில் ரீகண்டிஷன் செய்த ஷாக் அப்சார்பர்களை மாட்டினார். பழைய உருளைக்குள் புது எண்ணெய், புது சீல். ஆனால், உள்ளே ஏறி இறங்கும் தண்டு பழையதுதானே? அதில் கீறல் இருந்தால் புது சீலையும் அறுத்துவிடும். முதல் மாதம் நன்றாக இருந்தது. மூன்றாவது மாதம், ஆஸ்பத்திரி செக்கப் போய்வந்த நாளில், "மறுபடி தூக்கிப் போடுதுங்க" என்றார் மனைவி. குனிந்து பார்த்தால் எண்ணெய்.

காதுகுத்துக்கு ஐந்து வாரம். அந்த மாத பென்ஷனிலிருந்து 3,600 எடுத்தார். புது ஷாக் அப்சார்பர் ஜோடி 2,500, ஸ்பிரிங் ரப்பர் 300, கூலி 800. "சோஃபா மாதிரி இருக்கும்னு நினைக்காதீங்க சார். இந்த வண்டி புதுசுலயே கொஞ்சம் கெட்டிதான். தூக்கிப் போடாது, அவ்ளோதான்" என்றார் மெக்கானிக். வீணான 1,600-ஐயும் சேர்த்து மொத்தச் செலவு 18,600.

வைகாசியில் கிளம்பினார்கள். பின் சீட்டில் தலையணை, பக்கத்தில் சீர்த்தட்டு, எவர்சில்வர் தூக்கில் புளியோதரை. துவாக்குடி வரை மனைவி கைப்பிடியை விடவே இல்லை. அதன் பிறகு கண்ணாடியில் பார்த்தபோது தூங்கிக்கொண்டிருந்தார்.

தாய்மாமன் மடியில் பேத்தி கத்திய கத்தலுக்கு மண்டபமே திரும்பிப் பார்த்தது. கார் விற்பது பற்றி மகன் அன்று பேச்செடுக்கவில்லை.

சாயங்காலம் திரும்பும்போது, அவர் பழக்கத்தில் ஒவ்வொரு மேட்டுக்கும் பிரேக் பிடித்து, ஊர்ந்து, இறங்கிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, மாட்டு வண்டியா ஓட்டுறீங்க? விளக்கு வைக்கிறதுக்குள்ள வீட்டுக்குப் போக வேண்டாமா?"