எடுக்காத இரத்தம்

வெம்பிளி ஈலிங் றோட்டில் கடை வைத்திருக்கிறவர்கள் என்னை 'மிருக டொக்டர்' என்பார்கள். மன்னாரில் பிறந்தேன். பேராதனையில் படித்தேன். அன்றாடம் நாயும் பூனையும் பார்க்கிறேன். வார இறுதிகளில் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் ஒரு சிறு பண்ணையில், அல்பாக்கா, லாமா, கழுதை இவற்றுக்கு வைத்தியம் செய்ய மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அங்கே ஒரு கழுதை என்னால் செத்தது. பிறகு பொய் சொன்னேன். இரண்டையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அல்பாக்காவில் நான் கவனமாக இருந்தேன். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். கீழிமையை விலக்கி நிறம் பார்ப்பேன். வெளுத்திருந்தால் வயிற்றுப் புழு இரத்தம் குடிக்கிறதோ என்று சந்தேகிப்பேன். அந்தீஸ் மலை வெயிலுக்குப் பழகிய இனம் அது. இங்கத்தைய குளிர்காலத்தில் வெயில் போதாமல் குட்டிகளின் கால் வளையும். கருமயிர்க் குட்டிகளுக்கு ஆபத்து அதிகம். வைட்டமின் டி ஊசியின் அளவைப் புத்தகத்தில் பார்த்துத்தான் போடுவேன்.

கழுதைக்குப் புத்தகம் திறக்கவில்லை. மன்னார்த் தெருக்களில் கழுதைகளின் நடுவே வளர்ந்தவன் நான். எனக்கு யார் கழுதையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும்? அதுதான் என் திமிர். எலிசபெத் ஸ்வென்ட்சென் 1969இல் தொடங்கிய கழுதைகள் சரணாலயம் டெவனில் இருக்கிறது. மிருக வைத்தியர்களுக்கென்றே அவர்கள் போட்ட கைநூல் என் அலுமாரியில் கிடந்தது. நான் அதைப் படித்திருக்கவில்லை.

பண்ணையில் இரண்டு கழுதைகள். ஒன்றை விட்டு ஒன்று பிரியாதவை. கிழக் கழுதை செத்த அன்று பண்ணைக்காரப் பெண் தொலைபேசியில் கேட்டார்: "மற்றது பக்கத்திலேயே நிற்கிறது. கொஞ்ச நேரம் விடட்டுமா?" வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். "உடனே எடுத்துவிடுங்கள்" என்றேன். உயிரோடு இருப்பது தானாக விலகும்வரை உடலை விட்டுவைக்க வேண்டும். துணையை இழந்த கழுதை தீனியை மறுக்கக்கூடும்.

அந்த வார இறுதியில் அது தலை தாழ்த்தி நின்றது. சரியாகத் தின்னவில்லை என்று அந்தப் பெண் சொன்னார். காய்ச்சல் பார்த்தேன். குடல் சத்தம் கேட்டேன். "கழுதை இப்படித்தான் நிற்கும்" என்று மாணவர்களுக்குச் சொன்னேன். ஒரு மாணவி ஊசியைக் கையில் எடுத்துவிட்டாள். "இரத்தம் பார்க்கலாமா?" என்றாள். "நான் கழுதைகளோடு வளர்ந்தவன்" என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் ஊசியைப் பெட்டிக்குள் வைத்தாள்.

அந்த ஊசிக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிராது.

நான் பார்த்து வளர்ந்தவை குப்பைமேட்டில் மேய்ந்த மெலிந்த கழுதைகள். இது கொழுத்த புல்லில் வளர்ந்தது. கழுத்தில் கொழுப்புத் திரண்டு நின்றது. இப்படியான கழுதை தீனியை நிறுத்தினால், உடல் தன் கொழுப்பையே கரைத்து இரத்தத்தில் விடும். கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டுவிடும். தொடக்கத்திலேயே குளுக்கோஸ் ஏற்றி, குழாய் வழியே தீனி கொடுத்தால் பிழைக்க வழியுண்டு. வலியை வெளியே காட்டாத விலங்கு என்பதால், சோர்ந்து நிற்பதே பெரிய அறிகுறி. அந்த அறிகுறியைத்தான் அதன் குணம் என்று சொல்லிக்கொடுத்தேன்.

மறுபடி கூப்பிட்டபோது இரத்தம் எடுத்தேன். குழாயை நிறுத்தி வைத்ததும் மேலே தெளிந்தது பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. சேலைன் ஏற்றினேன். பிந்திவிட்டது. அன்றிரவு செத்தது.

ஏன் செத்தது என்று அந்தப் பெண் கேட்டார். "வயது. இதயம் நின்றுவிட்டது" என்றேன். முறைப்பாடு போகும், பெயர் கெடும் என்ற பயம். குழாயைப் பிடித்துக்கொண்டு அந்த மாணவி பக்கத்தில் நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அவள் வாய் திறக்கவில்லை; திறக்கக்கூடாது என்பதை முன்பே நான் கற்பித்திருந்தேன். "நான் கொடுத்த வைக்கோல் பழுதோ?" என்று அந்தப் பெண் மறுபடி கேட்டார். "இருக்கலாம்" என்றேன். இந்த வார்த்தைக்கு எனக்கு மன்னிப்புக் கிடையாது. குளிர்காலத்துக்கு வாங்கி அடுக்கியிருந்த வைக்கோல் முழுவதையும் அவர் எரித்தார். தன் கையால் கழுதையைக் கொன்றதாக நம்பினார். நான் நம்பவிட்டேன்.

மாதங்கள் கழித்து அவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. இனிமேல் அந்தப் படலைக்குள் வரவேண்டாம் என்றார். மாணவியிடமும் மன்னிப்புக் கேட்டேன். பெரிய விலங்கு வைத்தியத்தையே அவள் விட்டுவிட்டிருந்தாள்.

அன்று சிரித்த மற்றவர்கள் இப்போது வைத்தியர்கள். கண்டுபிடிக்க முடிந்தவர்களுக்கு எழுதினேன், நான் சொல்லிக்கொடுத்தது பிழை என்று. சிலரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. தலை தாழ்த்தி நிற்கும் ஒரு கழுதையை யாராவது காட்டினால், என் சொல்லை நம்பி அவர்கள் இரத்தம் எடுக்காமல் போகக்கூடும்.