பகாவ் பட்டறையில் ஒரு பாடம்

கோலாப்பிலா தாண்டி, பால்மரமும் செம்பனையும் மாறி மாறி வரும் சாலை. பகாவை நெருங்கியபோது மைவியில் எஞ்சின் விளக்கு எரிந்தது. மறுநாள் தோட்டத்திலிருந்து அம்மாவைக் கண் சிகிச்சைக்குச் சிரம்பான் அழைத்துப் போக வேண்டும். போன மாதம்தான் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினேன். 'ஒரிஜினல்' என்றார்கள், பாதி விலை!

பட்டறை அண்ணன் ஸ்கேனரை மாட்டினார். சூடான எஞ்சினில் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே துள்ள வேண்டிய அளவு 0.45இல் படுத்துக் கிடந்தது. சென்சாரைக் கழற்றி, அசல் ஒன்றின் பக்கத்தில் வைத்தார். அசலில் எண் உலோகத்திலேயே பொறித்திருந்தது. என்னுடையதில் வெறும் மை, விரல் பட்டதும் தேய்ந்தது.

"பெட்டியைப் பார்த்து ஏமாறாதீங்க தம்பி. கழற்றின பழசைக் கேட்டு வாங்கி, எண்ணையும் பிளக்கையும் ஒத்துப் பாருங்க."

போலி முத்திரைப் பொருளை விற்பது 2019ஆம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டப்படி குற்றம். புகார் செய்யலாம்தான். வானொலியில் ஊருக்கே 'ரசீது கேளுங்கள்' என்று சொல்லும் என்னிடம் ரசீது இல்லை. அசலைப் பூட்டிக்கொண்டு, இருட்டுவதற்குள் தோட்டம் சேர்ந்தேன்.